சுபி சொன்னது சொன்னபடி

கிடர்பூர், கொல்கத்தா
22 ஜூன் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

பட்டு எழுதுகிறேன். அப்பா, சுபி, நான் மூவரும் சுகமாக இருக்கிறோம். நீ மலைமேல் உன் எல்லைக் காவல் முகாமுக்குப் போய்ச் சேர்ந்ததை அப்பா சொன்னார். அங்கே மூச்சு முட்டுகிறதா? சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா? கம்பளிச் சட்டை இரண்டு போதுமா?

மாதத்துக்கு ஒருமுறை முகாம் போனில் மூன்று நிமிடம் தருவார்கள் என்றாயாம். அந்த மூன்று நிமிடமும் அப்பாவோடே பேசு, என்னைக் கூப்பிடாதே. போனில் எனக்கு ‘ம்’ தவிர வேறு வராது என்று உனக்குத் தெரியும். சுபியும் உன் குரல் கேட்டால் அன்று முழுக்க வாசல்படியை விட்டு நகர மாட்டேன் என்கிறாள். நமக்குக் கடிதம்தான் சரி.

நீ சொல்லிவிட்டுப் போன மூன்று சட்டங்களையும் சுவரில் எழுதி ஒட்டிவிட்டேன். கடிதத்தோடு சுபி கையால் செய்தது ஒன்று வர வேண்டும். மாதம் ஒருமுறை அவள் இடது கையைத் தாளில் வைத்துச் சுற்றி வரைந்து அனுப்ப வேண்டும். கடைசி வரி அவள் சொல்வது, ஒரு வார்த்தைகூட மாற்றக் கூடாது.

இந்த முறை வெண்டைக்காய் அச்சு. காம்புப் பக்கம் வெட்டி, பீட்ரூட் சாற்றில் தொட்டுத் தாளில் அழுத்தினால் பூ விழுகிறது. அறுபது பூ போட்டாள். பிறகு என் துப்பட்டாவிலும் நான்கு போட்டாள். பூவுக்கு இலை ஒட்டக் கடைப் பசை வாங்கினேன், ஆனால் விரலில் பட்டதை நக்குகிறாள். எத்தனை சொன்னாலும் கேட்கவில்லை.

போன ஞாயிறு ராஜலக்ஷ்மி அக்கா பவானிபூரிலிருந்து வந்தார். தம்பி குழந்தையைப் பார்க்க வந்தேன் என்றார். அத்தான் போட்டோவைப் பார்த்துக் கொஞ்சம் அழுதார். பிறகு என்னை வைத்துக்கொண்டே அப்பாவிடம், “ஒன்பதாவதுகூட முடிக்கல. வாயைத் திறந்தா முத்து உதிர்ந்துடும்னு இருக்கா. இவளை நம்பிக் குழந்தையை விட்டுட்டு எப்படிப் போனா கீதா?” என்று கேட்டார். அப்பா, “டீ ஆறிடும், சாப்பிடுங்க” என்றார். சுபி இடது கையால் பிஸ்கட் தின்றதைப் பார்த்து, “இதையும் யாரும் திருத்தலையா?” என்றார். நான் உள்ளே போய்விட்டேன்.

உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தங்கை,
பட்டு

சுபி சொன்னது: அம்மா, அங்க பனி இருக்கா? டப்பால போட்டு அனுப்பு. மூடி டைட்டா போடு.


13 ஜூலை 2025

அன்பு பட்டுவுக்கு,

அக்கா எழுதுவது. நான் சுகம். முதல் வாரம் தலைவலி இருந்தது, இப்போது இல்லை. அப்பாவின் முழங்கால் எப்படி இருக்கிறது? துறைமுக வேலைக்குப் பஸ்ஸில் போகிறாரா, இன்னும் நடந்தே போகிறாரா?

உன் கடிதம் வர பதினெட்டு நாள் ஆயிற்று. வெண்டைக்காய்ப் பூக்களை என் கட்டிலுக்கு மேலே தகரத்தில் ஒட்டியிருக்கிறேன். பக்கத்துக் கட்டில் பிரியங்கா அதைத் தினமும் எண்ணுகிறாள். ஐம்பத்தெட்டுதான் இருக்கிறதாம். சுபியின் கை வரைந்த தாள் என் சட்டைப்பையில் இருக்கிறது. இங்கே கேமரா போன் வைத்துக்கொள்ள அனுமதி இல்லை, அதனால் அந்தத் தாள்தான் எனக்குப் போட்டோ.

கடைப் பசையை நிறுத்து. அதில் என்ன இருக்கும் என்று யாருக்குத் தெரியும்? நோட்டுப் புத்தகத்துக்கு அட்டை போட அம்மா காய்ச்சுவாளே, அந்த மைதா பசையைச் செய். ஒரு கரண்டி மைதா, ஆறு கரண்டி தண்ணீர், ஒரு சிட்டிகை உப்பு. கட்டி இல்லாமல் கரைத்து அடுப்பில் வைத்துக் கிண்டிக்கொண்டே இரு. கண்ணாடி மாதிரி ஆனதும் இறக்கு. நக்கினாலும் ஒன்றும் ஆகாது. பழைய பேப்பரைக் கிழித்து ஒட்டிப் படம் செய்யட்டும், அவளுக்குப் பிடிக்கும்.

ராஜலக்ஷ்மி அண்ணி சொன்னதை மனதில் வைத்துக்கொள்ளாதே. ஆனால் ஒன்று சொல்லிவிடுகிறேன். எதுவாக இருந்தாலும் எனக்கு எழுது. முடியவில்லை என்றால் முடியவில்லை என்று எழுது. சுபிக்கு ஏதாவது ஆகி, அதை நீ மறைத்தாய் என்று எனக்குத் தெரிந்தால், அவளை அண்ணி வீட்டில் விட்டுவிடுவேன். கோபத்தில் எழுதவில்லை. இங்கே நான்கு பக்கமும் மலை, பட்டு. நான் நம்புவதற்கு உன் எழுத்து ஒன்றுதான் இருக்கிறது.

உன் பள்ளிக்கூடம் பற்றி நான் வந்த பிறகு பேசுவோம்.

அப்பாவுக்கு என் வணக்கம். சுபிக்கு முத்தம். பனி டப்பாவில் நிற்காது என்று சொல்.

அன்புடன் அக்கா,
கீதா


கிடர்பூர்
3 ஆகஸ்ட் 2025
(அனுப்பவில்லை)

அக்கா,

எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. சுபியின் கை வெந்துவிட்டது. இடது கை.

போன ஞாயிறு. நீ எழுதியபடியே பசை காய்ச்சினேன். கட்டி இல்லாமல் நன்றாக வந்தது. கண்ணாடி மாதிரி ஆனதும் இறக்கித் தரையில் வைத்தேன். பேப்பரை எடுக்க அலமாரிப் பக்கம் திரும்பினேன். அவ்வளவுதான். பாயசம் என்று நினைத்தாளோ என்னவோ, கையை முழுக்க உள்ளே விட்டுவிட்டாள். வெந்நீராக இருந்தால் வழிந்து போயிருக்கும். பசை வழியவில்லை அக்கா, ஒட்டிக்கொண்டது.

நான் குழாயடிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்க வேண்டும். அம்மா என்ன செய்வாள்? சூடு பட்டால் இட்லி மாவில் கையை விடச் சொல்வாள். அதுதான் ஞாபகம் வந்தது. மாவுச் சட்டியில் அவள் கையை அழுத்திப் பிடித்துக்கொண்டேன். அவள் கத்தக் கத்தப் பிடித்துக்கொண்டேன். சத்தம் கேட்டுக் கீழ்வீட்டு மாஷிமா வந்தாள். அப்பா வேலையில் இருந்தார். மாஷிமாதான் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

டாக்டர் பெங்காலியில் கேட்டார், என்ன கொட்டியது, எப்போது, இது என்ன வெள்ளையாக என்று. எனக்குத் தமிழைவிட பெங்காலி நன்றாக வரும். ஆனாலும் ஒரு வார்த்தை வரவில்லை. காய்ந்துபோன மாவை அவர்கள் சுரண்டி எடுத்தார்கள். அப்போது சுபி கத்திய கத்தலை எழுத முடியவில்லை. “மாவு பூசினது யார்?” என்று கேட்டார். நான் கையைத் தூக்கினேன், வகுப்பில் தூக்குவதுபோல.

“அவ மலைமேல இருக்கா. தெரிஞ்சா என்ன செய்வா? ஆறட்டும், அப்புறம் சொல்லலாம்” என்கிறார் அப்பா.

நீ பசை காய்ச்சச் சொல்லாமல் இருந்திருந்தால் என்று ஒரு நிமிடம் நினைத்தேன். அதற்காகவும் என்னை மன்னி. இதை அனுப்பினால் நீயும் அதையே நினைப்பாய். பிறகு எப்படி அங்கே நிற்பாய்? அனுப்பினால் சுபி பவானிபூருக்குப் போய்விடுவாள். இந்த இரண்டில் எதற்காக அனுப்பாமல் இருக்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை.


கிடர்பூர்
4 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

பட்டு எழுதுவது. உன் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் சௌக்கியம். அப்பா பஸ்ஸில்தான் போகிறார். உன் தலைவலி போனது சந்தோஷம்.

மழை விடவில்லை. துறைமுகச் சாலையில் லாரிகள் நின்றது நின்றபடி இருக்கின்றன. சுபிக்குக் கொஞ்சம் சளி, அதனால் அதிகம் எதுவும் செய்யவில்லை. முன்பு நூலை மையில் நனைத்துத் தாளை மடித்து இழுத்துச் செய்தாளே, அந்த வண்ணத்துப்பூச்சியை அனுப்பியிருக்கிறேன். கை வரைவது அடுத்த மாதம். வரைய உட்கார மாட்டேன் என்கிறாள்.

தூங்குகிறாள். அதனால் அவள் வரி இல்லை.

உடம்பைக் கவனித்துக்கொள்.

பட்டு


30 ஆகஸ்ட் 2025

அன்பு பட்டுவுக்கு,

அக்கா நலம். அங்கே சளி போயிற்றா? மஞ்சள் பால் கொடுத்தாயா?

உன் கடிதம் இத்தனை சின்னதாக இருந்ததே இல்லை. பிரியங்காகூட, “உன் தங்கைக்குப் பேனா தீர்ந்துபோச்சா?” என்று கேட்டாள். வண்ணத்துப்பூச்சி அழகாக இருக்கிறது, ஆனால் அதன் மூலையில் மே மாதத் தேதியை நான்தானே போட்டேன்? நான் அங்கே இருக்கும்போது செய்தது அது.

பசை வந்ததா? பேப்பர் கிழித்து ஒட்டினாளா? அதைப் பற்றி ஒரு வரி இல்லை.

தூங்கினால் எழுப்ப வேண்டாம். எழுந்த பிறகு கேட்டு எழுது. ஒருநாள் தாமதமானால் எனக்கு ஒன்றும் இல்லை. அவள் கையும் அவள் வரியும் இல்லாமல் வந்தால், கவரைப் பிரித்த பிறகும் பிரிக்காத மாதிரியே இருக்கிறது.

துர்கா பூஜைக்கு அவளுக்கு மஞ்சள் சட்டை எடுக்கச் சொல் அப்பாவிடம்.

அன்புடன்,
அக்கா


கிடர்பூர்
21 செப்டம்பர் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நன்றாக இருக்கிறோம். நீயும் அப்படியே இருக்க வேண்டும் என்று தினமும் விளக்கு ஏற்றும்போது நினைத்துக்கொள்கிறேன்.

இன்று மஹாளயா. மாஷிமா வீட்டு ரேடியோ விடியும்போதே கேட்டது. தெருமுனைப் பந்தலுக்கு மூங்கில் கட்டியாயிற்று. சுபி அதன் அடியில் நுழைந்து நுழைந்து வருகிறாள். மஞ்சள் சட்டை எடுத்தாயிற்று, கை நீளமாக.

பசை நன்றாக வந்தது. ஆனால் பேப்பர் படம் சரியாக ஒட்டவில்லை, உரிந்துவிட்டது, அதனால் அனுப்பவில்லை. அதற்குப் பதிலாகக் கிரேயானில் மழைப் படம். வீடு, குடை, மழை. கையும் இருக்கிறது. இந்த முறை வெறுமனே வரையாமல், வெட்டி, ஒரு பக்கம் வர்ணம் பூசி அனுப்புகிறேன். பார்க்க நன்றாக இருக்கும் என்று.

பூஜை நாட்களில் உனக்கு அங்கே ஏதாவது விசேஷம் உண்டா? குளிர் ஆரம்பித்திருக்கும். காதை மூடிக்கொள்.

உன் தங்கை,
பட்டு

சுபி சொன்னது: அம்மா, நான் நன்றாக இருக்கிறேன். நீயும் நன்றாக இரு.


19 அக்டோபர் 2025

பட்டுவுக்கு,

நான் சுகம். அப்பாவையும் சுபியையும் விசாரித்ததாகச் சொல்.

மூன்று விஷயம் கேட்கிறேன், மூன்றுக்கும் பதில் வேண்டும்.

வெட்டி அனுப்பிய கையைத் திருப்பிப் பார்த்தேன். நீ பென்சிலால் வரைந்த கோடு ஓரத்தில் மிச்சம் இருக்கிறது, வர்ணம் பூசாத பக்கத்தில். அந்தப் பக்கம் பார்த்தால் அது வலது கை. இடது கை மாதிரி தெரியட்டும் என்று மறுபக்கம் வர்ணம் பூசியிருக்கிறாய்.

மழைப் படம். நானும் இடது கைக்காரி, எனக்குத் தெரியும். சுபி மழை போட்டால் கோடு இடது மேலிருந்து வலது கீழாகச் சாயும். என் மழையும் அப்படித்தான். இந்தப் படத்தில் எல்லாக் கோடும் எதிர்ப்பக்கம் சாய்கிறது. கிரேயானும் அழுந்தவில்லை. இதை அவள் வலது கையால் வரைந்திருக்கிறாள்.

கடைசியாக அந்த வரி. நாலு வயதுப் பிள்ளை “நன்றாக இருக்கிறேன், நீயும் நன்றாக இரு” என்று பேசுமா? அதுவும் இலக்கணமாக.

அண்ணி சொல்லி அவள் கையை மாற்றிவிட்டீர்கள், அப்படித்தானே? அவர் வருவார், கண்டிப்பார், அப்பா டீ கொடுப்பார், நீ உள்ளே போய்விடுவாய். சின்ன வயதில் என் இடது கையைத் துணியால் கட்டி வைத்தார்கள். அது எப்படி இருக்கும் என்று உனக்குச் சொல்லியிருக்கிறேன். என் பிள்ளைக்கு அதைச் செய்ய அண்ணி யார்? அவருக்குக் கடிதம் எழுதப்போகிறேன், இனி அந்த வீட்டுப் பக்கம் வர வேண்டாம் என்று. உன் பதில் வரட்டும் என்றுதான் காத்திருக்கிறேன்.

கீதா


கிடர்பூர்
5 நவம்பர் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

எப்போதும்போல நலம் என்று ஆரம்பிக்கவில்லை. நீ நலமாக இருக்க வேண்டும்.

ராஜலக்ஷ்மி அக்காவுக்கு எழுதாதே. அவர் ஒன்றும் செய்யவில்லை. பூஜைக்கு வந்தபோதுகூட நான் சுபியை மாஷிமா வீட்டில் ஒளித்துவைத்து, தூங்குகிறாள் என்றேன். அவளுக்கு வாங்கி வந்த சட்டையைக் கொடுத்துவிட்டு, முகம் வாடிப் போய்விட்டார்.

சுபியின் இடது கை ஜூலை 27-ஆம் தேதி வெந்துவிட்டது. சோறு வடித்த கஞ்சியைத் தரையில் ஆற வைத்திருந்தேன். நான் திரும்பியபோது அதில் கையை விட்டுவிட்டாள். தண்ணீர் ஊற்றாமல் இட்லி மாவில் கையை வைத்தேன். அதனால் இன்னும் மோசமாயிற்று என்று டாக்டர் சொன்னார். இரண்டும் என் தப்பு. எழுத வேண்டாம் என்று அப்பா சொன்னார், ஆனால் எழுதாமல் இருந்தது நான்தான்.

புண் ஆறிவிட்டது. ஆனால் மோதிர விரலும் சுண்டு விரலும் உள்ளங்கையைப் பார்த்து மடங்கி நிற்கின்றன. தோல் இழுக்கிறதாம். கை நீட்டமாட்டேன் என்று வலது கைக்கு மாறியது அவளேதான். ஆஸ்பத்திரியில் தெரபி தீதி ஒருத்தி இருக்கிறாள். அவளிடம் செவ்வாயும் வெள்ளியும் கூட்டிப் போகிறேன். முதல் இரண்டு தடவை நான் வாயே திறக்கவில்லை. மூன்றாவது தடவை அவளே, “நீ பேசாட்டி போ, நான் சொல்றதைச் செஞ்சிட்டு வந்து காட்டு” என்றாள். “பயிற்சின்னு சொன்னா அழுவா. விளையாட்டுன்னு சொல்லு. கிழிக்கட்டும், பிசையட்டும், அழுத்தட்டும்” என்றாள். இதெல்லாம் நாங்கள் ஏற்கனவே செய்கிறதுதானே என்று அப்போது எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. விரல் நிமிராவிட்டால் ஆறு வயதில் ஆபரேஷன் என்கிறார்கள்.

சுபியிடம் வரி கேட்கவில்லை. போன கடிதத்தில் இருந்தது நான் எழுதியது.

நீ என்ன சொன்னாலும் சரி.

பட்டு


2 டிசம்பர் 2025

கடிதம் கிடைத்தது. அப்பாவிடம் போனில் பேசினேன். அவரும் அதையேதான் சொன்னார்.

பாதை மூடிவிட்டது. மார்ச் வரை யாருக்கும் விடுப்பு இல்லை. கேட்டுப் பார்த்தேன்.

கொதிக்கும் கஞ்சியைக் குழந்தை இருக்கும் தரையில் எதற்கு வைத்தாய்? மேடை இல்லையா நம் வீட்டில்? அதையாவது மன்னிக்கலாம், கை தவறுவது எல்லோருக்கும் உண்டு. மூன்று மாதம் எனக்கு நலம், நலம் என்று எழுதினாயே. அந்தத் தாளைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நான் இங்கே நின்றேன்.

அண்ணியிடம் பேசிவிட்டேன். சரஸ்வதி பூஜை முடிந்த மறுநாள், ஜனவரி 24, வந்து சுபியை அழைத்துப் போவார். துணியும் ஆஸ்பத்திரிச் சீட்டும் எடுத்து வை. தெரபிக்கு என்னென்ன செய்ய வேண்டும் என்று எழுதிக் கொடு. அதன் நகல் எனக்கும் வேண்டும்.

கீதாஞ்சலி


கிடர்பூர்
24 டிசம்பர் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

உன் உடம்பு எப்படி இருக்கிறது? அங்கே பனி கூரை வரை வந்துவிட்டதாக அப்பா சொன்னார். இங்கே அப்பாவுக்கு முழங்கால் வலி அதிகம். சுபிக்குச் சளி இல்லை, காய்ச்சல் இல்லை, நன்றாகச் சாப்பிடுகிறாள். கையைப் பற்றிக் கீழே எழுதியிருக்கிறேன்.

துணி எடுத்து வைத்துவிட்டேன். ராஜலக்ஷ்மி அக்காவுக்கு எழுதியதை அப்படியே உனக்கும் எழுதுகிறேன்.

காலையில் எழுந்ததும் தேங்காய் எண்ணெய் தொட்டு, வடு இருக்கும் இடத்தில் கட்டைவிரலால் மெதுவாக, வட்டமாகத் தேய்க்க வேண்டும். அவள் கையை இழுத்துக்கொண்டால் விட்டுவிட வேண்டும், ஒரு நிமிடம் கழித்து மறுபடி கேட்டால் தருவாள். சப்பாத்தி மாவு பிசையும்போது எலுமிச்சை அளவு மாவு அவளுக்குத் தனியாக. அதில் ஆமை செய்வாள். ஆமை முதுகை உள்ளங்கையால் தட்டையாக்கச் சொல்ல வேண்டும், அப்போதுதான் விரல் விரியும். ஆமை தட்டையாக இருக்காதே என்று சொல்வாள். லாரி ஏறிவிட்டது என்று சொன்னால் சிரித்துக்கொண்டே அழுத்துவாள்.

துணி காயப்போடும் கிளிப் பத்து தனியாக வைத்திருக்கிறேன். அட்டையில் சூரியன் வரைந்து, சுற்றிலும் கிளிப்பை மாட்டினால் கதிர். கட்டைவிரலும் சுண்டு விரலும் சேர்ந்து பிடித்தால் இரண்டு மதிப்பெண். இன்னும் அந்த இரண்டு மதிப்பெண் அவளுக்குக் கிடைக்கவில்லை, ஆனால் தினமும் கேட்பாள். பழைய பேப்பரை நீளவாக்கில் கிழிக்க வேண்டும், குறுக்கே கிழித்தால் கோணலாகப் போய்க் கோபம் வரும். அப்பாவின் பழைய காலுறையில் பொத்தான் தைத்து ஒரு முதலை செய்திருக்கிறேன். அதைக் கையில் மாட்டினால் வாயைத் திறப்பதற்காக விரலை நீட்டுவாள். முதலைக்குப் பெயர் மாணிக்கம், யார் வைத்தது என்று தெரியாது. தூங்கும்போது விரல் மடங்காமல் இருக்க ஆஸ்பத்திரியில் தந்த பிளாஸ்டிக் பட்டையைக் கட்ட வேண்டும், அழுவாள். முதலில் முதலைக்குக் கட்டினால் பிறகு தானே கையை நீட்டுவாள்.

வலது கையில் ஸ்பூனைக் கொடுக்க வேண்டாம் என்று ராஜலக்ஷ்மி அக்காவிடம் நீ ஒருமுறை சொல். நான் எழுதியிருக்கிறேன். ஆனால் நான் சொன்னால் கேட்பாரா தெரியாது.

போன செவ்வாய் தெரபி தீதியிடம், ஜனவரிக்குப் பிறகு வேறு ஆள் கூட்டி வருவார்கள் என்று சொன்னேன். நானாகவே சொன்னேன். அவள் ஏன் என்று கேட்டாள். நான் சுபிக்குச் செருப்பை மாட்டிவிட்டேன்.

இதோடு அவள் இடது கை. பீட்ரூட் சாறு தொட்டு வைத்தது. மடங்கிய அந்த இரண்டு விரலில் நுனி மட்டும்தான் பதிந்திருக்கிறது, நடுவில் வெள்ளையாக இருக்கும். அதை நான் சரிசெய்யவில்லை.

நலமாக இரு அக்கா.

பட்டு

சுபி சொன்னது: அம்மா, அத்தை வீட்டுல பசை பண்ணுவாங்களா? எனக்கு வேண்டாம், பசை சுடும். பேப்பர் ஒட்டலாம்னு சித்தி பண்ணினா, நான் கையை வெச்சேன், சுட்டுது. சித்தி அழுதா. மாணிக்கம் அழல.


15 ஜனவரி 2026

அன்பு பட்டுவுக்கு,

அக்கா எழுதுகிறேன். உடம்பு சுகம்தான். இன்று பொங்கல், பிரியங்கா பால்பவுடரில் ஏதோ செய்து பொங்கல் என்று கொடுத்தாள். உங்கள் மூவரையும் நினைத்துக்கொண்டு சாப்பிட்டேன்.

உன் கடிதம் ஹெலிகாப்டரில் நான்கு நாள் முன்பு வந்தது. சுபியின் வரியை முதலில் படித்தேன். ‘பசை’ என்ற சொல்லுக்கு மேல் மையில் ஒரு புள்ளி இருக்கிறது. அடிக்கப் பேனாவை வைத்துவிட்டு எடுத்திருக்கிறாய்.

கஞ்சி என்று எழுதினாய். அப்பாவும் போனில் கஞ்சி என்றார், உன்னைப் போலவே, அதே வார்த்தைகளில். ஜூலையில் நான் எழுதிய கடிதத்தை நான்கு நாளாக மனதுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்க்கிறேன். ஒரு கரண்டி மைதா, ஆறு கரண்டி தண்ணீர், ஒரு சிட்டிகை உப்பு. கட்டி இல்லாமல் கரைத்துக் கிண்டிக்கொண்டே இரு. கண்ணாடி மாதிரி ஆனதும் இறக்கு. அதற்குப் பிறகு, ஆறவிட்டுக் கொடு என்று எழுதினேனா? அந்தக் கடிதம் உன்னிடம் இருக்கும். எடுத்துப் பார்க்க வேண்டாம். எழுதவில்லை.

மறைத்ததற்கு இன்னும் எனக்குக் கோபம் இருக்கிறது. இல்லை என்று எழுதினால் அதுவும் உன்னுடைய ‘நலம்’ மாதிரி ஆகிவிடும். மார்ச்சில் நேரில் வந்து திட்டுகிறேன். அப்போது ‘ம்’ என்று மட்டும் சொல்லாதே. நீ எதற்காகப் பள்ளிக்கூடத்தை விட்டாய் என்று எனக்குத் தெரியும். அப்போது சுபிக்கு இரண்டு வயது, நான் பயிற்சிக்குக் கிளம்பினேன். இதை நானும் இதுவரை உனக்கு எழுதியதில்லை.

அண்ணிக்குப் போன் செய்துவிட்டேன். சுபி அங்கே போகவில்லை. அவர் வாதாடவில்லை. “பட்டு அனுப்பின பேப்பரை அஞ்சு தடவை படிச்சேன் கீதா, எனக்கு அந்த முதலை எல்லாம் வராது” என்றார். செவ்வாய்க்கிழமைகளில் ஆஸ்பத்திரிக்கு அவரும் வருவார். வரட்டும். தூங்குகிறாள் என்று சொல்லாதே.

நாளை கீழே இறங்கும் ஹெலிகாப்டரில், ஸ்பீடு போஸ்டில் போடச் சொல்லி இதைக் கொடுத்தனுப்புகிறேன், சரஸ்வதி பூஜைக்குள் வந்துவிடும். அன்று மாஷிமா வீட்டில் சுபிக்குச் சிலேட்டில் முதல் எழுத்து எழுத வைப்பார்கள். சுண்ணாம்புக்கட்டி மெலிசாக இருந்தால் அவளால் பிடிக்க முடியாது. துணி சுற்றித் தடிமனாக்கி, இடது கையில் கொடு. அப்பாவோ பூசாரியோ வலது கைக்கு மாற்றினால், எல்லோர் முன்னாலும் நீதான் வாயைத் திறந்து சொல்ல வேண்டும். உன்னைத் தவிர அங்கே சொல்ல ஆள் இல்லை.

இந்தக் கவரில் என் இடது கை இருக்கிறது. வலது கையால் பேனா பிடித்து வரைய வேண்டியிருந்ததால் கோடு நடுங்கியிருக்கிறது. வாரம் ஒருமுறை சுபியின் கையை இதன்மேல் வைத்துப் பார். அந்த இரண்டு விரலும் எதுவரை எட்டுகிறதோ அங்கே தேதி போடு. எட்டாத வாரமும் போடு.

அப்பாவை முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொள்ளச் சொல்.

உன் அக்கா,
கீதா

இந்தக் கடைசி வரியை ஒரு வார்த்தை மாற்றாமல் அவளுக்குப் படித்துக்காட்டு.

அம்மா சொன்னது: சுபி, பசை பண்ணச் சொன்னது அம்மா. சித்தி இல்லை.